அமைச்சர் நழுவ முடியாத கேள்வியை எழுதுவது எப்படி: போக்குவரத்து, நீதி, எரிசக்தித் துறைகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மக்களவையில் ஒவ்வோர் அமர்வு நாளின் முதல் மணி நேரமும், அதாவது காலை 11 மணி முதல் 12 மணி வரை, உறுப்பினர்களின் கேள்விகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் அது நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. தொலைக்காட்சியில் நாம் காண்பது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். அதுவும் பல நாள்களில் அமளியில் கரைந்துவிடுகிறது. ஆனால் ஒரு கேள்வி பயன்தருமா, வீணாகுமா என்பது அதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே, உறுப்பினரின் அலுவலகத்தில் அது 150 சொற்களுக்குள் எழுதப்படும் தருணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும், தங்கள் பகுதியின் உறுப்பினரிடம் கேள்விகளைக் கொண்டு செல்லும் ரயில் பயணிகள் சங்கங்கள், வழக்கறிஞர் அமைப்புகள், மின்நுகர்வோர் குழுக்கள் ஆகியோருக்கும் உதவும் வகையில் இது எழுதப்படுகிறது. போக்குவரத்து, நீதி, எரிசக்தி ஆகிய மூன்று துறைகளை எடுத்துக்கொள்ளக் காரணம், இவை மூன்றும் பதில் சொல்லாமல் பதில் சொல்லும் கலையில் மூன்று தனித்தனி மரபுகளை வளர்த்து வைத்திருப்பதுதான். ரயில்வே அமைச்சகம் கணக்கு வைக்கும் முறையைக் காட்டி விலகும். சட்ட அமைச்சகம் நீதிமன்றங்களின் தன்னாட்சியைக் காட்டி விலகும். மின்துறை மாநில அரசைக் காட்டி விலகும். எந்தக் கதவு வழியாக வெளியேறுவார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தக் கதவை முதலில் சாத்திவிட்டு எழுதுவதே கேள்வி எழுதும் தொழில்.

நட்சத்திரக் குறி வேண்டுமா

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் கேட்கும் வாய்ப்பு உண்டு. குறியிடாத கேள்விக்கு எழுத்து வடிவில் மட்டுமே பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். மாநிலங்களவையில் இந்த எண்ணிக்கைகள் முறையே 15, 160. அறிவிப்பு குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும். மக்களவை உறுப்பினர் ஒருவர் ஒரு நாளுக்கென 5 அறிவிப்புகள் வரை தரலாம். அவற்றில் ஒன்று மட்டுமே நட்சத்திரப் பட்டியலில் ஏற முடியும். யாருடைய கேள்வி முன்னே வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

புதிய உறுப்பினர்கள் எல்லோரும் நட்சத்திரத்தையே விரும்புகிறார்கள். அவையில் எழுந்து பேசும் காட்சி தொகுதிக்குப் போய்ச் சேரும் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் பட்டியலில் 20 இருந்தாலும் முதல் சில கேள்விகளுடனேயே அந்த மணி நேரம் தீர்ந்துபோவதுதான் வழக்கம். எஞ்சியவற்றுக்கு எழுத்துப் பதில்தான் வரும். ஆகவே என்னுடைய பரிந்துரை இது: எண்களும் தேதிகளும் வேண்டுமென்றால் குறியிடாத கேள்வியாகவே கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு, அதில் உள்ள ஒரு முரண்பாட்டைப் பிடித்து, அடுத்த கூட்டத்தொடரில் நட்சத்திரக் கேள்வியாக்குங்கள். தரவு இல்லாமல் நட்சத்திரக் கேள்வியுடன் எழுந்து நிற்பவரை அனுபவமுள்ள அமைச்சர் இரண்டு நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

யாரிடம் கேட்பது

அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. ஆகவே தவறான அமைச்சகத்துக்கு அனுப்பிய கேள்வி தவறான கிழமைக்கும் போய்ச் சேரும். செயலகம் அதை உரிய அமைச்சகத்துக்கு மாற்றினாலும், நீங்கள் திட்டமிட்ட நாள் போய்விடும்.

சென்னை மெட்ரோ ரயில் என்றதும் பலர் ரயில்வே அமைச்சரை நினைக்கிறார்கள். மெட்ரோ திட்டங்கள் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் அளித்தது. அதற்கான நிதி விடுவிப்பு பற்றிய கேள்வி அந்த அமைச்சகத்துக்கே போக வேண்டும். ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வேயின் கீழ் இல்லை. விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்ற நோக்கில், அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிர்வாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஆணையத்தில் எத்தனை பணியிடங்கள் காலி என்பதை விமானத் துறையிடமும், ஆணையத்தின் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்பதை ரயில்வேயிடமும் கேட்க வேண்டும்.

எரிசக்தியில் குழப்பம் இன்னும் அதிகம். நெய்வேலியில் உள்ள என்எல்சி இந்தியா மின்சாரம் உற்பத்தி செய்தாலும் அது நிலக்கரி அமைச்சகத்தின் நிறுவனம். கூடங்குளம் அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. அத்துறை பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. காற்றாலையும் சூரிய ஒளியும் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்கு உரியவை. சமையல் எரிவாயு பெட்ரோலிய அமைச்சகத்துக்கு உரியது. மின் அமைச்சகத்திடம் எஞ்சுவது அனல், நீர் மின் நிலையங்கள், மாநிலங்களுக்கு இடையிலான மின்தொடர் அமைப்பு, விநியோகச் சீர்திருத்தத் திட்டங்கள் முதலியன.

மூன்றாவதாக, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைக் கண்ணுக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலைகளும் மத்தியப் பட்டியலில் உள்ளன. காவல் துறையும் சிறைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மின்சாரமும் இயந்திர வாகனங்களும் பொதுப் பட்டியலில் உள்ளன. நீதி நிர்வாகமும், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் நீங்கலான நீதிமன்றங்களின் அமைப்பும் 42-வது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலுக்கு வந்தன. நகரப் பேருந்து ஏன் வரவில்லை என்பது சட்டமன்றத்தில் கேட்க வேண்டியது. மத்திய அரசு முதன்மையாகப் பொறுப்பேற்காத விஷயம் பற்றிய கேள்வியை மக்களவைச் செயலகம் ஏற்காது.

சொல்லமைப்பு

மக்களவை நடைமுறை விதிகளில் 41-வது விதி, எந்தக் கேள்வி ஏற்கப்படும் என்பதைச் சொல்கிறது. கேள்வி தெளிவாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கேலி, பழிச்சொல் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. கற்பனையான நிலைமையை முன்வைக்கக் கூடாது. ஒரு பதிலின் அளவுக்குள் அடங்காத பெருங்கொள்கை விஷயத்தை எழுப்பக் கூடாது. முன்பே பதில் தரப்பட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதைச் சாதாரணமாகக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்கக் கூடாது. கேள்வியில் ஒரு கூற்றை வைத்தால் அதன் உண்மைக்கு உறுப்பினரே பொறுப்பு.

இந்தக் கட்டுப்பாடுகள் உறுப்பினரின் வாயைக் கட்டுவதற்காக வைக்கப்பட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. வாதம் செய்ய விவாதங்கள் இருக்கின்றன, கண்டிக்கத் தீர்மானங்கள் இருக்கின்றன. கேள்வியின் தனிப் பலம், அரசு தானாக முன்வந்து சொல்லாத ஒரு தகவலை அமைச்சரின் பெயரில் அவைப் பதிவில் ஏற்ற வைப்பதில்தான் இருக்கிறது. அடைமொழி நிறைந்த கேள்விக்கு அடைமொழிகளை மறுக்கும் பதில்தான் வரும்; நீங்கள் கேட்ட தகவல் அந்த மறுப்புக்குள் மறைந்துபோகும்.

கேள்வி வழக்கமாக (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகளாக எழுதப்படுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஐந்து உட்பிரிவுகளும் ஒரே பொருளைச் சுற்றி வந்தால், அமைச்சகம் "(அ) முதல் (உ) வரை" என்று ஒரே கட்டாக்கி ஒரு நீண்ட பத்தியைப் பதிலாகத் தந்துவிடும்; அந்தப் பத்தியில் உங்களுடைய மிக முக்கியமான உட்பிரிவுக்குப் பதிலே இருக்காது. இதைத் தவிர்க்க, ஒவ்வோர் உட்பிரிவிலும் வேறுபட்ட வகையான தகவலைக் கேளுங்கள்: ஒன்றில் எண்ணிக்கை, ஒன்றில் தேதி, ஒன்றில் தொகை, ஒன்றில் பொறுப்பான அமைப்பு. "அதன் விவரம் என்ன?", "இல்லையெனில் காரணம் என்ன?" என்ற வழக்கமான வால்களைப் பழக்கத்தால் சேர்க்க வேண்டாம். "விவரம்" என்று கேட்டால் எந்த விவரத்தைத் தருவது என்று முடிவு செய்யும் உரிமை அமைச்சகத்துக்குப் போய்விடுகிறது.

ரயிலும் சாலையும்

மோசமான கேள்வி ஒன்றைப் பார்ப்போம்: "தமிழ்நாட்டில் நிலுவையில் உள்ள ரயில் திட்டங்கள் எத்தனை, அவை எப்போது முடிவடையும்?" இதற்கு வரும் பதில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ மாறாதது. ரயில் திட்டங்கள் மாநில வாரியாக அல்ல, மண்டல வாரியாகவே ஆய்வு செய்யப்பட்டு, ஒப்புதல் அளிக்கப்பட்டு, நிறைவேற்றப்படுகின்றன என்று முதல் வரி சொல்லும். அடுத்து, தமிழ்நாட்டில் முழுமையாகவோ பகுதியாகவோ அமையும் திட்டங்களின் மொத்த நீளமும் மொத்தச் செலவும் வரும். பிறகு, திட்டம் முடிவது நிலம் கையகப்படுத்தல், வன அனுமதி, நிலத்தின் அமைப்பு, ஆண்டில் வேலை செய்யக்கூடிய மாதங்கள் என்று பல காரணிகளைப் பொறுத்தது என்று முடியும். எல்லாம் உண்மை, எதுவும் உதவாது.

திட்ட வாரியான மதிப்பீட்டையும் ஒதுக்கீட்டையும் ரயில்வேயின் பிங்க் புத்தகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2017-18 முதல் தனி ரயில்வே பட்ஜெட் இல்லாமல் போன பின்னும் இந்த ஆவணம் நிற்கவில்லை. அதில் இருப்பதைக் கேட்டால் 41-வது விதி தடுக்கும், அல்லது உங்கள் ஒரு வாய்ப்பு வீணாகும். அதிலிருந்து தொடங்கி, அதில் இல்லாததைக் கேட்க வேண்டும். திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய பாதையை எடுத்துக்கொள்வோம்:

"ரயில்வே அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா: (அ) திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய பாதைத் திட்டத்துக்குத் தேவையான மொத்த நிலத்தின் பரப்பும், இதுவரை ரயில்வே வசம் ஒப்படைக்கப்பட்ட பரப்பும் எவ்வளவு, (ஆ) நிலம் கையகப்படுத்தலுக்கென மாநில அரசிடம் ரயில்வே செலுத்திய தொகை, செலுத்திய தேதி வாரியாக எவ்வளவு, (இ) திட்டத்துக்கான திருத்திய மதிப்பீடு ரயில்வே வாரியத்துக்கு அனுப்பப்பட்ட தேதி எது, அதன் மீது எடுக்கப்பட்ட முடிவு என்ன?"

இதில் "மண்டல வாரியாக" என்ற முதல் வரிக்கு இடமே இல்லை, ஏனெனில் ஒரே ஒரு திட்டம்தான் கேட்கப்படுகிறது. நிலம் கிடைக்கவில்லை என்ற வழக்கமான காரணமும் கேள்வியாகவே மாறிவிட்டது. மாநில அரசு தாமதப்படுத்துகிறதா, ரயில்வே பணம் செலுத்தவில்லையா என்பது (அ)வையும் (ஆ)வையும் அருகருகே வைத்தாலே தெரியும். பதில் உங்கள் சொந்த மாநில அரசுக்குச் சங்கடமாக இருக்கலாம். அதற்கும் தயாராக இருந்துகொண்டே கேட்க வேண்டும்.

சுங்கச்சாவடிகளுக்கு வேறு வழி. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், ஒரே நெடுஞ்சாலைப் பிரிவில் ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டாவது சுங்கச்சாவடி அமைக்கக் கூடாது என்கின்றன. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அமைக்கலாம் என்ற விலக்கும் அங்கே இருக்கிறது. "விதி மீறப்படுகிறதா?" என்று கேட்டால், "விதிகளின்படியே அமைக்கப்பட்டுள்ளன" என்ற பதில் வரும், விலக்கும் விதியின் பகுதிதானே. ஆகவே விதியின் சொற்களையே எடுத்துக்கொண்டு, 60 கிலோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள சாவடிகள் எவை, அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத்தில் பதிவு செய்யப்பட்ட தேதி எது, பதிவு செய்த அதிகாரியின் பதவி என்ன என்று கேளுங்கள். பதிவே இல்லாவிட்டால் பட்டியலில் அந்தக் கட்டம் காலியாக வரும். எந்த ஆவேச உரையையும்விட அந்தக் காலிக் கட்டம் அதிகம் பேசும்.

விபத்துக் கேள்விகளில் துயரத்தை எழுத வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜாரில் நிகழ்ந்த விபத்து போன்றவற்றுக்குப் பிறகு, இரங்கலும் இழப்பீடும் அமைச்சரே முன்வந்து அறிவிப்பவை. ஓராண்டு கழித்து, பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையில் இருந்த பரிந்துரைகளில் ஏற்கப்பட்டவை, ஏற்கப்படாதவை, நிலுவையில் உள்ளவை எத்தனை என்று கேட்பதற்குத்தான் யாரும் இருப்பதில்லை. கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. அதைப் பற்றிக் கேட்கும்போது, ஒப்பந்தம் விடப்பட்ட கிலோமீட்டர், கருவி பொருத்தப்பட்ட கிலோமீட்டர், இயக்கத்துக்கு வந்த கிலோமீட்டர் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் மூன்றில் பெரிய எண்தான் பதிலாக வரும்.

நீதித் துறை

மிக அதிகமான கேள்விகள் நிராகரிக்கப்படுவதற்கு வாய்ப்புள்ள துறை இது. அரசமைப்பின் 121-வது பிரிவின்படி, நீதிபதி ஒருவரைப் பதவி நீக்கக் கோரும் தீர்மானத்தின் போதன்றி, உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் கடமை தொடர்பான நடத்தையை நாடாளுமன்றத்தில் விவாதிக்க முடியாது. நிலுவையில் உள்ள ஒரு குறிப்பிட்ட வழக்கைப் பற்றியும் கேட்க முடியாது. "வழக்குகள் ஏன் தாமதமாகின்றன?" என்ற பொதுக் கேள்விக்கு, வழக்குகளைத் தீர்ப்பது நீதித்துறையின் தனி அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற பதில் தயாராக இருக்கிறது. எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன என்பது தேசிய நீதித் தரவுத் தொகுப்பிலும், எத்தனை நீதிபதிப் பணியிடங்கள் காலி என்பது சட்ட அமைச்சகத்தில் உள்ள நீதித் துறையின் மாதாந்திர அறிக்கையிலும் வெளிப்படையாகவே கிடைக்கின்றன.

அப்படியானால் எதைக் கேட்பது? நீதிமன்றத்தின் கையில் இல்லாமல் அரசின் கையில் இருக்கும் பகுதியை மட்டும் கேளுங்கள். நீதிபதி நியமனத்தில் அப்படி ஒரு பகுதி துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு கால அட்டவணையை வகுத்தது: உயர் நீதிமன்றத்தின் பரிந்துரை வந்த நாளிலிருந்து 4 முதல் 6 வாரங்களுக்குள் உளவுத் துறை அறிக்கை தர வேண்டும்; மாநில அரசின் கருத்தும் அந்த அறிக்கையும் வந்த பிறகு 8 முதல் 12 வாரங்களுக்குள் மத்திய அரசு பரிந்துரையை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்; கொலீஜியம், அதாவது நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழு, ஒருமனதாக மீண்டும் பரிந்துரைத்தால் 3 முதல் 4 வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும். உயர் நீதிமன்றங்களும் காலியிடம் ஏற்படுவதற்கு 6 மாதங்களுக்கு முன்பே பெயர்களை அனுப்ப வேண்டியவை.

இந்த அட்டவணை கையில் இருந்தால் கேள்வி தானாகவே வடிவம் பெறுகிறது. 75 நீதிபதிகளுக்கு ஒப்புதல் உள்ள சென்னை உயர் நீதிமன்றத்துக்காக அனுப்பப்பட்ட பெயர்களில், அரசிடம் 12 வாரங்களுக்கு மேல் நிற்பவை எத்தனை. மீண்டும் பரிந்துரைக்கப்பட்ட பின்னரும் 4 வாரங்களைக் கடந்து நிற்பவை எத்தனை. காலியாக உள்ள இடங்களில் உயர் நீதிமன்றத்திடமிருந்து பரிந்துரையே வராதவை எத்தனை என்று மூன்று உட்பிரிவுகள். பெயர்களைக் கேட்க வேண்டாம். கேட்டால் தர மறுப்பார்கள், மறுப்பது நியாயமும்கூட. எண்ணிக்கை போதும். மூன்றாவது உட்பிரிவைச் சேர்ப்பது அரசுக்கும் நியாயம் செய்வதாகும், ஏனெனில் தாமதம் முழுவதும் அரசுடையது அல்ல என்று அமைச்சர் சொல்லப்போவது உறுதி. அந்த எண்ணையும் நாமே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

திட்டங்கள் பற்றிய கேள்விகள் எளிது. மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. 2019-ல் தொடங்கிய விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40. இத்தகைய இடங்களில் ஒதுக்கியது, விடுவித்தது, பயன்பாட்டுச் சான்றிதழ் பெறப்பட்டது என்ற மூன்று தொகைகளையும் ஆண்டு வாரியாகக் கேளுங்கள்.

விசாரணைக் கைதிகள் பற்றிய கேள்விகள் சட்ட அமைச்சருக்கு உரியவை என்று தோன்றும். அவை உள்துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து சிறைகள் மாநிலப் பொருள் என்ற பதில் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால், சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதன் அமலாக்கம் குறித்து மாநிலங்களிடமிருந்து அறிக்கை கோரப்பட்டதா, கோரிய கடிதத்தின் தேதி எது, பதில் அளித்த மாநிலங்கள் எவை என்று கேட்டால், மாநிலப் பொருள் என்று சொல்லி விலக முடியாது. மத்திய அரசு தானே எழுதிய கடிதம் மத்திய அரசின் பொருள்தான்.

எரிசக்தி

மின்கட்டணம் பற்றி மக்களவையில் கேட்பது பெரும்பாலும் வீண். கட்டணத்தை முடிவு செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம். கேட்கத் தக்கது மத்திய நிதி. 2021-ல் தொடங்கிய விநியோகச் சீர்திருத்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்களிப்பு 97,631 கோடி. மின் இழப்பை நாடளாவிய அளவில் 12 முதல் 15 சதவீதத்துக்குள் 2024-25-க்குள் கொண்டுவருவது அதன் இலக்கு. இலக்கு ஆண்டு கடந்துவிட்டதால், மாநில வாரியாக எட்டப்பட்ட அளவும், நிபந்தனை நிறைவேறாததால் விடுவிக்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்ட தொகையும் கேட்பதற்கு இதுவே நேரம்.

நாட்டின் மொத்த நிறுவு திறனைக் கேட்டு வாய்ப்பை வீணாக்காதீர்கள். மத்திய மின்சார ஆணையம் அதை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2030-க்குள் புதைபடிவம் சாராத 500 கிகாவாட் என்ற இலக்கைப் பற்றி எத்தனையோ கேள்விகள் வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் திறனை அடுக்கிய பதில்களே வருகின்றன. நிறுவு திறன் வேறு, உண்மையில் உற்பத்தியான மின்சாரம் வேறு என்பதையும், மின்தொடர் வசதி இல்லாததால் காற்றாலைகளும் சூரிய நிலையங்களும் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லப்பட்ட அலகுகள் எவ்வளவு என்பதையும் பிரித்துக் கேட்டவர்கள் குறைவு.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது கடலுக்குள் அமையும் காற்றாலைத் திட்டம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். இதில் "முன்னேற்றம் என்ன?" என்று கேட்க வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி வெளியான தேதி, அதை நீட்டித்த தடவைகள், பெறப்பட்ட ஏலங்களின் எண்ணிக்கை, இதுவரை செலவிட்ட தொகை என்று கேளுங்கள். "முன்னேற்றம்" என்ற சொல்லுக்கு எப்போதும் திருப்திகரமான பதில் உண்டு. "தேதி" என்ற சொல்லுக்கு அப்படி இல்லை.

அவையில் எழும்போது

நட்சத்திரக் கேள்வி அழைக்கப்பட்டால், அமைச்சர் பெரும்பாலும் அறிக்கை அவையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி அமர்வார். உடனே உங்களுடைய முதல் துணைக் கேள்வி. எழுத்துப் பதில் கேள்வி நேரம் தொடங்கும் முன்பே கிடைத்துவிடும். அந்தச் சிறு இடைவெளியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்று கண்டுபிடிப்பது. முன்பே எழுதி வைத்த துணைக் கேள்வியை அப்படியே வாசிப்பவர்கள், பதிலிலேயே இருக்கும் தகவலைத் திரும்பக் கேட்டு நகைப்புக்கு ஆளாகிறார்கள். முன்னுரை வேண்டாம், தொகுதி மக்களின் நன்றியும் வேண்டாம். "(ஆ) பிரிவுக்குப் பதில் தரப்படவில்லை, அந்தத் தொகை எவ்வளவு?" என்ற ஒரு வரி போதும். இரண்டாவது துணைக் கேள்வியில் காலக்கெடு கேளுங்கள். அமைச்சர் அவையில் சொல்லும் தேதி, கீழே நான் சொல்லப்போகும் அரசு உறுதிமொழிகள் குழுவின் கைக்குப் போகும்.

ஓர் எச்சரிக்கை. அமைப்புகள் தரும் வரைவை அப்படியே அனுப்பாதீர்கள். கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்ற விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். கேள்விகளைப் பதிவேற்றும் இணையதளத்தின் கடவுச்சொல்லை வெளியாரிடம் பகிர்ந்த விவகாரத்தில், நெறிமுறைக் குழுவின் பரிந்துரையின் பேரில் 2023 டிசம்பர் 8 அன்று மக்களவை உறுப்பினர் ஒருவர் நீக்கப்பட்டார். வரைவு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு அதில் வணிக நலன் உண்டா, அதில் உள்ள எண்களைச் சரிபார்த்தவர் யார் என்று கோப்பில் எழுதி வையுங்கள்.

பதில் வந்த பிறகு

பெரும்பாலான அலுவலகங்கள் பதிலைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு நிறுத்திவிடுகின்றன. உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் செய்த முதலீடு பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகளுக்கு வந்த பதில்கள் உறுப்பினர்களை நிறைவு செய்யவில்லை. அவர்கள் விடவில்லை. டிசம்பர் 16 அன்று மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி அந்த விவகாரத்தை அவையில் விரிவாக எழுப்பினார். சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

பதில் விளக்கம் போதாததாக இருந்தால், 55-வது விதியின்கீழ் மூன்று நாள் முன்னறிவிப்புடன் அரை மணி நேர விவாதம் கோரலாம். பதிலில் தவறான தகவல் இருப்பதாகச் சான்றுடன் காட்ட முடிந்தால், சபாநாயகரின் வழிகாட்டுதல்களில் 115-வது வழிகாட்டுதலின்கீழ் அவருக்கு எழுதலாம். உரிமை மீறல் என்று உடனே முழங்குவதைவிட இந்த அமைதியான வழி பலன் தரும். அமைச்சகங்கள் திருத்திய பதிலை அவையில் வைப்பது புதிதல்ல. "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்ற தொடர்கள் பதிலில் வந்தால் அவற்றை வெற்றுச் சொற்கள் என்று தள்ளிவிடாதீர்கள். அவை உறுதிமொழிகளாகக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. அரசு உறுதிமொழிகள் குழு, சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் அவை நிறைவேற வேண்டும் என்று பார்க்கிறது. மக்களவையில் இக்குழு 1953 முதல் இயங்கி வருகிறது. உங்கள் கேள்விக்கான பதில் உறுதிமொழியாகப் பதிவாகியிருக்கிறதா என்று செயலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அமைச்சகம் அந்த உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டால், ஏன் கைவிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக, முன்பே பதில் தரப்பட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்ற விதியைக் கடக்க ஒரே வழி, பழைய பதிலின் மேல் ஏறி நிற்பதுதான். ஒவ்வொரு பதிலையும் கேள்வி எண், தேதி, உட்பிரிவு ஆகியவற்றுடன் ஓர் அட்டவணையில் பதிந்து வையுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி, "இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள குறியிடாத கேள்விக்கு அளிக்கப்பட்ட பதிலில் ஒப்படைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட நிலப்பரப்புக்குப் பிறகு, கூடுதலாக ஒப்படைக்கப்பட்ட பரப்பு எவ்வளவு?" என்று தொடங்கட்டும்.